மணல் குழியில் பந்து விழுந்தால்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கொரிய, ஜப்பானிய மேலாளர்களோடு வேலை பார்ப்பவருக்கு, நந்தனம் காஸ்மோபாலிட்டன் கிளப் கோல்ஃப் மைதானத்துக்கு ஒருநாள் அழைப்பு வரலாம். போகுமுன் பங்கர் எனும் மணல் குழிக்கான விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒத்திகை வீச்சிலோ, மட்டையைப் பின்னால் ஓங்கும்போதோ, பந்தை ஒட்டியோ மட்டை மணலைத் தொடக் கூடாது. கை பரபரக்கும், அடக்குங்கள். தொட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் 2 அபராத அடி. சருகு, கல்லை எடுக்கலாம், 2019 முதல் அனுமதி உண்டு. எடுக்கையில் பந்து நகர்ந்தால் 1 அடி போச்சு.

ஆடவே முடியாதபடி பந்து புதைந்துவிட்டதா? 1 அபராத அடியோடு, கொடியை நெருங்காமல், குழிக்குள்ளேயே முழங்கால் உயரத்திலிருந்து போடலாம். கொடியும் பந்தும் சேரும் நேர்கோட்டில் பின்னால் போய்க் குழிக்கு வெளியே போட 2.

ஐப்பசி மழைத் தண்ணீர் குழியில் தேங்கியிருந்தால் கணக்கு வேறு: உள்ளேயே இடம் மாற்ற அபராதமில்லை, வெளியே வர 1.