கனநீரும் ஒரு கதிர்வீச்சுப் புரளியும்

"ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சு. பிள்ளைகள் கையில் கனநீரைக் கொடுக்கலாமா?" விருத்தாசலத்தில் கனநீரை வைத்து ஒரு வேதியியல் செய்முறை என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். பெற்றோர் கேட்டால் பொறுக்கலாம். எம்.எஸ்ஸி. முடித்து வகுப்பெடுப்பவர்களும் கேட்கிறார்களே!

கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக இருப்பது அதன் ஐசோடோப்பான டியூட்டீரியம். 1931இல் ஹெரால்டு யூரே கண்டறிந்த அது நிலையானது, சிதையாது. நாம் குடிக்கும் தண்ணீரிலேயே ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்று அதுதான். அணு உலைக்குள் சுற்றிய கனநீரில் டிரிட்டியம் சேரும், அது கதிர் வீசும். கல்லூரிக்கு வாங்கும் குப்பியில் இருப்பது அந்த நீர் அல்ல. கதிரியக்கத்துக்குத்தான் பயம் என்றால், நம்மூர் பீங்கான் பட்டறைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ஃபெல்ஸ்பாரைப் பாருங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தில் 0.012 சதவீதம் பொட்டாசியம்-40. உண்மையிலேயே கதிர் வீசுவது. அதற்கும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. அங்கே நுரையீரலைக் கெடுப்பது குவார்ட்ஸ் தூசி. அதைப் பற்றி மூச்சு விட ஆளில்லை.

செய்முறை இவ்வளவுதான். இரண்டு குடுவைகளில் அசிட்டோஃபீனோனும் கனநீரும். ஒன்றில் மட்டும் கொஞ்சம் சோடியம் கார்பனேட். இரண்டையும் ஒரே அளவு சூடாக்கிக் கலக்குங்கள். காரம் மெத்தில் தொகுதியின் ஹைட்ரஜனைப் பறிக்கும். அந்த இடத்தில் கனநீரின் டியூட்டீரியம் வந்து உட்காரும். என்எம்ஆர் வரைபடத்தில் 2.6 பிபிஎம்மில் நிற்கும் மெத்தில் முகடு தேயும். காரம் போடாத குடுவையில் அது அப்படியே நிற்கும். கருவி இல்லையென்றால், இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு மாதிரியை அனுப்புங்கள்.

"வினையூக்கி வினையில் பங்கேற்காது" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இங்கே வினையூக்கியான காரம் பங்கேற்கும், கடைசியில் திரும்பக் கிடைக்கும்.

கனநீர் வெளிநாட்டுச் சரக்கா? 1978இல் தொடங்கிய தூத்துக்குடி ஆலை, பொட்டாசியம் அமைடை வினையூக்கியாக வைத்து ஹைட்ரஜன் வாயுவிலிருந்த டியூட்டீரியத்தை அம்மோனியாவுக்கு மாற்றித்தான் அதைத் தயாரித்தது. துளி பட்டால் ஆபத்தா? உடலின் நீரில் பெரும்பங்கு கனநீராக மாறினால்தான் விலங்குகளே சாகின்றன.

இத்தனை பயம் பேசுகிறவர்கள்தான் உப்புப் பகுப்பாய்வு என்ற பெயரில், தலைமுறை தலைமுறையாகக் கிப்ஸ் கருவியிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பிள்ளைகள் மூக்கில் ஏற்றினார்கள். அது நிஜ விஷம். உப்புகளில் பாதியைக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தில் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி மாணவரும் செராமிக் தொழில்நுட்பம் படிக்கும் மாணவரும் ஒரே மேசையில் நிற்கட்டும். அசிட்டோஃபீனோனுக்கு அடுத்து, களிமண்ணிலுள்ள ஹைட்ராக்சில் கனநீரோடு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம். களிமண்ணுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.