அந்தரத்தில் நிற்கும் எண்ணெய்த்துளி

மார்கழி விடியலில் பனமலை ஏரியின்மேல் படியும் மூடுபனி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் அதன் ஒவ்வொரு துளியும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது. துளி மிகச் சிறியதாதலால் காற்றின் தடை அதன் எடையைச் சமன்செய்து, வேகம் கூடாமல் தடுத்துவிடுகிறது. இவ்வாறு இறங்கும் துளியை அறவே நிறுத்த முடியுமா? முடியும். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க வழிகாட்டியது அதுவே.

பிற்காலத்தில், 1939-40இல், அண்டக்கதிர் ஆய்வுக்காக நம் நாட்டுக்கும் வந்துசென்ற அமெரிக்க அறிஞர் ராபர்ட் மில்லிகன், 1909இல் சிகாகோவில் இவ்வாய்வை மேற்கொண்டார். நீர்த்துளி விரைவில் ஆவியாகிவிடுவதால் எண்ணெயைத் தெளித்தார். தெளிக்கும்போதே உராய்வால் துளிகள் மின்னூட்டம் பெறுகின்றன. கிடைமட்டமான இரு உலோகத் தட்டுகளுக்கிடையே துளி வந்ததும், தட்டுகளுக்குத் தக்க மின்னழுத்தம் கொடுத்தால் மேல்நோக்கிய விசை பிறக்கும். துளி நிற்கும் நிலையில்,

மின்னூட்டம் × மின்புலம் = துளியின் எடை

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1 மைக்ரான் ஆரமுள்ள எண்ணெய்த்துளியின் எடை சுமார் 3.7 × 10⁻¹⁴ நியூட்டன். அதில் 5 எலெக்ட்ரான்கள் மிகுதியாக உள்ளன என்க. தட்டுகளின் இடைவெளி 5 மில்லிமீட்டரானால், அதை நிறுத்த ஏறத்தாழ 230 வோல்ட் போதும்! நம் வீட்டு மின்சாரத்தின் அளவே இதுவும். ஆனால் இங்கு வேண்டுவது ஒரு திசை மின்னழுத்தம்.

இத்துணைச் சிறிய துளியின் எடையை அறிவது எங்ஙனம்? மின்புலத்தை நீக்கினால் துளி நொடிக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் வீதம் சீராக விழும். அவ்வேகத்தையும் காற்றின் பாகுநிலை எண்ணையும் ஸ்டோக்ஸ் விதியில் இட்டால் ஆரமும், அதிலிருந்து எடையும் கிடைக்கும்.

துளிகள் பலவாயினும் அவற்றின் மின்னூட்டங்கள் யாவும் ஒரே சிற்றளவின் முழு மடங்குகளாகவே அமைந்தன. மின்னூட்டம் மணிமணியானது என்பது இதனால் உறுதியாயிற்று. 1923இல் மில்லிகன் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் 1913இல் அவர் வெளியிட்ட மதிப்பு 1.592 × 10⁻¹⁹ கூலூம். இன்றைய மதிப்போ 1.602 × 10⁻¹⁹ கூலூம். 0.6 விழுக்காடு குறைவு! துளியைக் கவனித்ததில் பிழையில்லை. அவர் கையாண்ட காற்றின் பாகுநிலை எண்ணே சுமார் 0.4 விழுக்காடு குறைவாக இருந்தது. மின்னூட்டம் அவ்வெண்ணின் ஒன்றரை மடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் பிழை பெருகிற்று. எக்ஸ் கதிர் அளவீடுகள் வேறு மதிப்பைத் தந்த பின்னரே, 1930களில் இது திருத்தப்பட்டது.

மாணவ நண்பர்களே! ஆய்வகத்தில் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்தெழுதுகிறோம். அதுவும் ஒருவர் ஒருநாள் அளந்து கண்ட அளவே என்பதை மறத்தலாகாது.