வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்களா?

அம்பகரத்தூர் பத்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வீடு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு பிரஷர் மிஷினை மாட்டினால் அது வெயிலையும் நடையையும் சேர்த்தே அளக்கும். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். காபி, டீ, வெற்றிலைப் புகையிலை எதுவானாலும் அரைமணி முன்பே நிறுத்திவிடுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்த்தாலும் அளவு ஏறும். பட்டையைச் சட்டைமேல் சுற்றாதீர்கள். வெறும் கையில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே. கை, நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். பேச்சு? மூச்! (சீரியலும் அப்புறம்தான்.)

காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை பார்த்து, ஒரு வாரம் எழுதுங்கள். சராசரி 135/85-ஐத் தொட்டால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நோட்டைத் தேடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.