கொடுத்த மீனும் வாங்கிய மீனும்

அன்புள்ள மருமகளுக்கு,

விண்மீனின் ஆயுளைத் தீர்மானிப்பது அது பிறக்கும்போது இருந்த நிறைதான் என்று பாடத்தில் படித்ததாக எழுதியிருந்தாய். நம் சூரியனைப் போலத் தனித்திருக்கும் மீனுக்கு அது சரி. இரட்டையாகப் பிறந்து ஒன்றையொன்று சுற்றும் மீன்களின் கதை வேறு.

இரண்டில் நிறை கூடியது எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். மையம் சுருங்க, மேலடுக்கு உப்பிச் செம்பெருமீனாகும். துணை அருகில் இருந்தால் விருப்பம்போல் உப்ப முடியாது. தன் ஈர்ப்பு எல்லையை நிரப்பியதும், உங்கள் புத்தலப்பட்டுப் பக்கத்து ஏரி கலங்கல் வழிந்து அடுத்த ஏரியை நிரப்புவதுபோல, அதன் வாயு துணைமீது வழியும். அந்த எல்லைக்கு ரோஷ் மடல் என்று பெயர்.

பெர்சியஸ் கூட்டத்து அல்கோலைப் பார். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். துணை மறைப்பதாக இருக்கலாம் என்று 1783இல் சொன்னவர் ஜான் குட்ரிக். காது கேளாத, பதினெட்டு வயது இளைஞர். அதில் ஒரு புதிர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த இணையில் முதுமை கண்டு உப்பியிருப்பது, சூரியனைவிடவும் நிறை குறைந்த மீன்! அது ஒருகாலத்தில் பெரியதாக இருந்து, பெரும்பகுதியைத் துணைக்குக் கொடுத்துவிட்டது.

வழிவது மிக வேகமானால் துணையால் வாங்க முடியாது; இரண்டும் ஒரே வாயுப் போர்வைக்குள் சிக்கி, சுழன்று நெருங்கும். சில ஒன்றாகவே கலந்துவிடும்.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. உங்கள் பக்கத்துத் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. அதிலிருந்த புற ஊதாத் தொலைநோக்கியால் என்ஜிசி 188 என்ற முதிய விண்மீன் கொத்தை வானியலாளர் அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் ஆராய்ந்தார்கள். சுமார் 700 கோடி ஆண்டு வயதான அந்தக் கொத்தில், நிறை கூடியதால் சீக்கிரம் எரிந்துவிடும் நீல மீன்கள் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். ஆனாலும் சில இளமையாக ஒளிர்கின்றன. அவற்றில் ஒன்றின் அருகே சுமார் 17,000 கெல்வின் வெப்பமுள்ள துணை இருப்பதை 2016இல் அறிவித்தார்கள். மேலுறையைப் பறிகொடுத்த பெருமீனின் எச்சம் அது. சாதாரண ஒளியில் நீல மீனின் பிரகாசம் அதை மறைத்துவிடும். புற ஊதாவில்தான் அகப்பட்டது. நீல மீனின் இளமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எச்சமே சாட்சி. இதைவிட அழகான துப்பறிதல் எனக்குத் தெரியாது.

டிசம்பரில் இரவு ஒன்பது மணிவாக்கில் மாடியேறி வடக்கே உயரத்தில் அல்கோலைத் தேடு. பக்கத்து ஆண்ட்ரோமீடாக் கூட்டத்து அல்மாக்கும் அதுவும் வழக்கமாக ஏறக்குறைய ஒரே பிரகாசம். அல்கோல் தெளிவாக மங்கித் தெரிந்தால், மிகவும் மங்கிய நேரத்தைக் குறித்துக்கொள். அது இரவு 11 மணியானால், மூன்று நாள் கழித்து 8 மணிக்குச் சற்று முன் மறுபடி மங்கும். இரண்டு நேரத்தையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
மாமா