படம் போனதற்கு யார் காரணம்?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பழைய வீட்டு மொட்டை மாடிகளில் மீன்முள் மாதிரி ஓர் ஆன்டெனா துருவேறித் தெற்கே பார்த்து நின்றிருக்கும். சேப்பாக்கத்துத் தூர்தர்ஷன் கோபுரம் இருப்பது அந்தத் திசையில். கேபிள்காரருக்கு மாதக் காசு கொடுக்காமல் டிவி பார்த்த காலத்தின் மிச்சம் அது. இன்றைக்குப் படம் நின்றால் முதல் பழி 5ஜி மேல் விழுகிறது. எந்தப் பழி நிற்கும், எது நிற்காது?

நம்பிக்கை 1: "5ஜிக்கு இடம் விடத்தான் டிடி ஆன்டெனாவை நிறுத்தினாங்க."

உண்மை: பாதிதான் சரி. பல நாடுகளில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் டிவிதான் குடியிருந்தது. அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்று தன் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. பழைய டிவிக்கு டிஜிட்டல் பெட்டி வாங்க 40 டாலர் கூப்பனும் கொடுத்தது. இங்கே 2016, 2021 ஏலங்களில் அந்த அலைக்கற்றையைச் சீண்ட ஆளில்லை. 2022இல்தான் 5ஜிக்காக ஜியோ வாங்கியது. முக்கியமான சுமார் 50 இடங்கள் தவிர மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மூடப்போவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2021இலேயே அறிவித்துவிட்டது. காலாவதியான தொழில்நுட்பம், வீண் செலவு என்பவை அது சொன்ன காரணங்கள். காலியாகும் அலைவரிசை 5ஜிக்கு உதவும் என்றும் சொன்னது. அதற்குள் நம்மில் பெரும்பாலோர் கேபிளுக்கு மாறியிருந்தோம்.

நம்பிக்கை 2: "நம்மளுது கேபிள். ஒயர்ல வர்றதுக்கு அலைக்கற்றை எதுக்கு?"

உண்மை: ஒயர் கடைசித் தூரத்துக்கு மட்டுமே. கேபிள் நிறுவனத்தின் பெரிய டிஷ், சுமார் 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து 3700–4200 மெகாஹெர்ட்ஸில் சேனல்களைப் பிடிக்கிறது. 2022 ஏலத்தில் 5ஜிக்கு வந்தது 3300–3670. நடுவே 30 மெகாஹெர்ட்ஸ்தான் சந்து. வானத்திலிருந்து வருவது முணுமுணுப்பு. பக்கத்து டவர் போடுவது கூச்சல். டிஷ்ஷில் சரியான ஃபில்டர் இல்லையென்றால் படம் கட்டம் கட்டமாக உடையலாம். அப்படி உடைந்தால் உங்கள் வீட்டில் மட்டும் உடையாது, தெரு முழுக்க உடையும். ஃபில்டர் மாட்ட வேண்டியது கேபிள் நிறுவனம். அதைச் சொல்லி உங்களிடம் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை 3: "மாடியில இருக்கிற சின்ன டிஷ்ஷையும் டவர்தான் கெடுக்குது."

உண்மை: வீட்டு டிஷ் வேலை செய்வது 10,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே. 700க்கும் 3300க்கும் அது எட்டாத தூரம். எண்ணூர், காசிமேடு பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக் காற்றை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் ஒயர் சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கனெக்டரை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

நம்பிக்கை 4: "இனிமே மாசாமாசம் காசு கட்டாம டிவி பார்க்க முடியாது."

உண்மை: முடியும். கட்டணச் சேனலுக்கான செட்-டாப் பெட்டியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது அலைக்கற்றை ஏலம் அல்ல, கேபிள் சட்டம். 2003 செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல்களுக்குப் பெட்டி வேண்டும் என்ற முறை சென்னையில் வந்தது. 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்ற அரசு கேபிளும் பெட்டிக்கு மாறியது. ஆனால் 2004இல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை, இன்றைய டிடி ஃப்ரீ டிஷ், அப்படியே இருக்கிறது. டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, பிறகு மாதக் கட்டணம் கிடையாது. எல்லாச் சேனலும் அதில் வராது. டிடி தமிழ் வரும். மாடியில் அந்த மீன்முள்ளைக் கழற்றினால் டிஷ்ஷுக்கு இடம் கிடைக்கும்.