கைத்தாங்கலாக வந்த கப்பல்

கேள்வி: போர்க்காலத்தில் அணிவகுத்துச் செல்லும் சரக்குக் கப்பல்களில் ஒன்று அடிபட்டால், காவலுக்கு வரும் போர்க்கப்பல்கள் நின்று உதவுமா?

பதில்: பெரும்பாலும் அணி நிற்காது. நின்ற கப்பல் நீர்மூழ்கிக்கு அடுத்த இரை. கடலில் தத்தளிப்பவர்களை மீட்க ஒன்றிரண்டு கப்பல்கள் பின்தங்கும், அவ்வளவுதான். கல்நெஞ்சம்தான், ஆனால் கணக்கு அப்படி.

1942 ஆகஸ்டில் அந்தக் கணக்கு மாறியது. முற்றுகையில் இருந்த மால்டா தீவுக்குப் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் 5 மட்டுமே போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று 'ஒஹாயோ' என்ற எண்ணெய்க் கப்பல். தீவுக்கு உயிர்நாடியே அந்த எண்ணெய்தான். இத்தாலிய நீர்மூழ்கியின் டார்பிடோ பக்கவாட்டைப் பிளந்தது; சுட்டு வீழ்த்தப்பட்ட விமானமொன்று மேல்தளத்திலேயே வந்து விழுந்தது. இழுத்துப் பார்த்தார்கள், வடம் அறுந்தது. கடைசியில் 'பென்', 'பிராம்ஹாம்' என்ற இரு நாசகாரிக் கப்பல்கள் இருபுறமும் ஒட்டி நின்று தங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நோயாளியைக் கைத்தாங்கலாக நடத்துவதுபோல, ஆமை வேகத்தில் கூட்டிவந்தன. ஆகஸ்ட் 15 அன்று துறைமுகம் சேர்ந்தபோது மேல்தளம் கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருந்தது. ஒஹாயோவின் கேப்டன் டட்லி மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. ஒஹாயோ அதன்பின் ஓடவே இல்லை. 1946-இல் பிரிட்டிஷ் கடற்படையே அதைச் சுட்டு மூழ்கடித்தது.