கை சொல்லும் செய்தி

நுழையும்முன்

மழை பொய்த்த ஆண்டுகளில் கோவில்பட்டிக் கரிசல் மக்களுக்குச் சோறளித்தது தீப்பெட்டித் தொழில். உழைத்த கைகளில் தோன்றும் நோயைக் கண்டு ஒதுங்காமல், அதன் காரணத்தை அறிவது நம் கடமையாகும்.

காரணம் அறிதல்

தீக்குச்சியின் முனை மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை ஆகியவற்றோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் சேர்க்கப்படுவதுண்டு. இதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒவ்வாமை ஏற்பட்டபின் சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து அரிக்கும். நாட்பட்டால் தடித்து வெடிக்கும். இதுவே தொடுதோலழற்சி. கரிசல் கோடையின் வறண்ட காற்று இவ்வெடிப்பை மிகுவிக்கும். விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மீள்வது இந்நோயின் முக்கிய அடையாளம். ஐயம் தீர, முதுகில் ஒவ்வாப் பொருள்களை ஒட்டி, 48 மணி நேரத்திற்குப்பின் பிரித்து மருத்துவர் ஆராய்வார். சிமென்ட்டிலும் பதனிட்ட தோலிலும் குரோமியம் இருப்பதால், ஒவ்வாமை உடையோர் அவற்றிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வேறுபாடு உணர்தல்

முழங்கை, முழங்கால், உச்சந்தலை ஆகிய இடங்களில் வெள்ளிநிறச் செதில்களுடன் தடித்த திட்டுகள் தோன்றுவது காளாஞ்சகப்படை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி, கைகால் மடிப்புகளில் கடுமையாக அரிப்பது கரப்பான். தொடுதோலழற்சி உள்ளிட்ட இம்மூன்றும் பிறருக்குத் தொற்றா. வட்டமாகப் பரவும் படர்தாமரையோ பூஞ்சையால் தொற்றுவது.

தீர்வு காணல்

ஒவ்வாப் பொருளை விலக்குவதே முதல் மருந்து. தொழிலுக்கேற்ற கையுறை, வேலைப் பிரிவு மாற்றம், வேலை முடிந்ததும் மென்மையான சோப்பால் கைகழுவுதல் ஆகியன துணைபுரியும். ஈரப்பதம் காக்கும் களிம்பை நாள்தோறும் பூசவேண்டும். பாரஃபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். ஆதலால் அதனை வீட்டில் பூசி, வேலைக்குமுன் உடைமாற்றுக. ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் கூறும் அளவிலும் காலத்திலும் மட்டுமே பயன்படுத்துக. கடையில் தாமே வாங்கிப் படர்தாமரைமீது பூசினால் நோய் மறைவது போல் தோன்றிப் பின்னர்ப் பெருகும்.

இந்நோயுற்ற தாய் பிசைந்து தரும் சோற்றை உண்பதால் எவருக்கும் தீங்கில்லை. அவர் தட்டைத் தனியே ஒதுக்கிவைப்பதோ, நோயினும் கொடிய துன்பத்தைத் தரும்.

தெரியுமா?

காளாஞ்சகப்படை தொற்றா நோய் என்பதை 2014ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை தன் தீர்மானத்தில் வலியுறுத்தியது.

குறுவினாக்கள்

1. தொடுதோலழற்சியின் முக்கிய அடையாளம் யாது?
2. படர்தாமரைமீது ஸ்டீராய்டு களிம்பைத் தாமே பூசுதல் ஏன் தவறு?
3. தோல்நோயுற்றோரை ஒதுக்குதல் அறமன்று என்பதை உம் சொற்களில் நிறுவுக.